பங்களா வால்வை அடைத்தவர்

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி. போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் வீட்டு வாசலில் அக்காள் மரகதம் தண்ணீர் டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பியூன் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான். லிட்டில் அந்தமான் தீவின் ஹட்பேயிலிருந்து வயர்லெஸ் வந்ததாம். அவள் புருஷன், ஓவர்சியர் ராஜமாணிக்கம், மலேரியாவில் போய்விட்டாராம். அடுத்த போட் வியாழக்கிழமைதான் என்பதால் அங்கேயே புதைத்தும் விட்டார்கள். அவளுக்கு முகம்கூடக் காட்டவில்லை.

சாயங்காலம் ஆபீஸில் இரங்கல் கூட்டம். அத்தானை ஹட்பேக்குத் தூக்கியடித்த அதே இன்ஜினியர், "மனிதாபிமானத்தோடு சேவை செய்தவர்" என்று பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன சேவை என்று மட்டும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அத்தானுக்குக் குடிநீர்ப் பிரிவில் வேலை. எழுபத்தொன்றாம் வருஷக் கோடையில் புரோத்ராபூர் தொழிலாளர் பாரக்ஸில் குழாய் வறண்டது. ராஞ்சிக்காரர், தெலுங்கர், நம் ஆட்கள் எல்லோரும் ஓடைத் தண்ணீரைக் குடித்தார்கள். வாந்திபேதி பரவியது. மேலே மேட்டில் அதிகாரிகள் பங்களாக்களில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி கப்பலில் வருகிறாராம்.

அந்தத் தண்ணீரைப் பாரக்ஸுக்குத் திருப்பிவிடலாமா என்று அத்தான் போய்க் கேட்டார். "இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்" என்றார் இன்ஜினியர். அதற்குள் பாரக்ஸில் ஒரு கைக்குழந்தை முடிந்துவிட்டது.

கப்பல் வரும் நாளில் போர்ட் பிளேரில் எந்த ஆபீஸிலும் ஆள் இருக்காது. பியூன் முதல் பெரியவர் வரை கப்பல் துறையில் நிற்பார்கள். அன்று வரவேற்பு வரிசையில் அத்தான் இல்லை. வால்வுக்காரர் சேக் தாவூத்தின் முன்னால் நின்றார்.

"பாய், பங்களா லைனை அடைக்கணும். சாவியைக் குடு."

"என் வேலை போயிடும் சார்."

"நான் பிடுங்கிட்டேன்னு சொல்லு."

"நீங்க பிடுங்குற ஆளா? ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார் தாவூத்.

பாரக்ஸில் தண்ணீர் வந்தது. அத்தானே குழாயடியில் நின்றார். நோயாளி இருக்கும் வீட்டுக்கு முதலில். பாஷை, ஜாதி பார்க்கக் கூடாது. கராச்சர்மாவில் எங்களுக்கும் தண்ணீர் இல்லாததால் அக்காளும் வாளியோடு போனாள்.

"ஓவர்சியர் பெண்டாட்டிக்குக் கடைசி வாளியா?"

"உனக்குக் கோபம்தானே மரகதம், ஆறிடும். அங்கே நாக்கு வறண்டு கிடக்குதுங்க."

கெஸ்ட் ஹவுஸில் அதிகாரி சோப்பு நுரையோடு நின்றாராம். மறுநாள் இன்ஜினியர் கத்தினார்: "மனிதாபிமானம் எந்த ரூல்ல இருக்குய்யா?"

"ரோஜாச் செடி எந்த ரூல்ல இருக்கு சார்?"

அவ்வளவுதான். ஏற்கெனவே இரண்டு முறை மலேரியா கண்ட மனிதரைக் காட்டை வெட்டிக் குடியேற்றம் நடக்கும் ஹட்பேக்கு மாற்றினார்கள். டாக்டர் வேண்டாமென்றார், கேட்கவில்லை. அடுத்த போட்டிலேயே ஏற்றினார்கள். பாரக்ஸில் அதற்குப் பிறகு ஒருவரும் பேதியில் சாகவில்லை. கூட்டத்தில் இதை யாராவது சொன்னார்களா? பாரக்ஸ்காரர்களை உள்ளேயே விடவில்லை. அவர்கள் வெளியே சாயங்கால வெயிலில் நின்றார்கள்.

போவதற்கு முன் பாரக்ஸின் கடைசி வரிசைக்குப் புதிதாக ஒரு பைப் இழுத்திருந்தார். அதன் முனையில் தண்ணீர் பிடிக்கும் குழாயை இன்னும் யாரும் பொருத்தவில்லை. பைப்பின் வாயில் அவர் அடைப்பாக அடித்த மரக்கட்டையும் அதைச் சுற்றிய துணியும் அப்படியே இருக்கின்றன.