எந்தப் பக்கம் மேல்பக்கம்

செந்தில்நாதன் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயந்திரப் படங்கள் வரைந்தார். அவற்றில் ஒன்றிலும் அவர் கையெழுத்து இல்லை. வங்காளத்துத் துறைமுகப் பகுதியான கார்டன் ரீச்சில் படகு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை. டிப்ளமா இல்லாதவர் என்பதால் அவர் வரைவார், இன்னொருவர் கையெழுத்திடுவார். ஒரு தண்டின் அளவு தவறிப்போன சமயத்தில் மட்டும் அவர் பெயர் காகிதத்தில் ஏறியது. அந்தக் காகிதம் மெமோ. தவறு தம்முடையதல்ல என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. மறுநாள் முதல் கைக்கு வந்த எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, தேதியிட்டு, கோப்பில் சேர்க்கத் தொடங்கினார்.

தலைகீழ் எழுத்தும் அந்த அலுவலகத்தில்தான் பிடிபட்டது. பெரிய மேசையின் இருபுறமும் எதிரெதிராக இருவர் அமர்ந்து வரைவார்கள். ஒருவருக்கு நேராக இருப்பது மற்றவருக்குத் தலைகீழ். எதிரில் இருப்பவரும் தாளைத் திருப்பாமல் படிக்கும்படி ஒரு சொல்லை எழுத முடியுமா என்று செந்தில்நாதன் யோசித்தார். யாரிடமும் கேட்கவில்லை, இப்படியொரு கலை உலகில் ஏற்கெனவே இருப்பது அவருக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. மிஞ்சிய டிரேசிங் தாளில் வரைவார், அரைவட்டம் சுற்றிப் பார்ப்பார், அழிப்பார்.

ஓய்வுக்குப் பின் அவரும் மனைவி பூர்ணிமாவும் நியூ டவுனில் 'நயன்' என்ற அடுக்குமாடி வளாகத்தில் குடியேறினார்கள். குடியிருப்போர் சங்கம் வளாகத்துக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று அறிவித்தபோது, அந்தப் பெயரை வங்காள எழுத்தில் வரைய உட்கார்ந்தார். பதினோரு வாரங்கள் ஆயின. வங்காள எழுத்துகள் தலைக்கோட்டில் தொங்குபவை. திருப்பினால் கோடு காலடிக்கு வந்துவிடும். ஆகவே அடியிலும் ஒரு கோடு இழுத்து இரண்டையும் சட்டமாக்கினார். நடு எழுத்தின் கீழே ஒரு புள்ளி உண்டு. அதற்கு ஈடாக மேலேயும் ஒன்று வைத்து, இரண்டையும் மொட்டுகளாக்கி ஒரு கொடியில் கோத்தார். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றே என்பது மட்டும் இலவசமாகக் கிடைத்த வசதி.

சங்கத்தின் செயலாளர் ரஞ்சன் பாபு அந்தத் தாளை நான்கு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, வங்காளிகள் யாருக்கும் தோன்றாதது ஒரு மதராஸிக்குத் தோன்றியிருக்கிறது என்றார். சின்னம் கார் ஒட்டுவில்லைகளிலும் நுழைவுச் சீட்டுகளிலும் ஏறியது. சீட்டை எப்படி நீட்டினாலும் காவலாளிகள் படித்தார்கள். 2024 வங்காளப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம், வாயிலின் மேல் ஆறடி விளக்குப் பலகையாகவும் அது ஏறியது. மாட்டி முடித்த பிறகு, பலகையின் ஓரத்தில், சிறிய எழுத்தில், அமைப்பு: செந்தில்நாதன் என்று ஒட்டினார்கள்.

ஜூலையில் மூன்று நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் பலகை வெடித்து அணைந்தது. வாயிலின் இன்டர்காம் கருகியது. காவலாளி ஒருவருக்குக் கையில் மின்சாரம் அடித்து, நல்லவேளையாக ஒரு நாள் ஓய்வோடு போயிற்று. சங்கம் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியது: வடிவமைப்புக் குறைபாட்டால் விபத்து, சின்னத்தைக் கைவிடுவது பற்றி ஞாயிறன்று முடிவு செய்யப்படும். செந்தில்நாதன் அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். இந்த முறை தம்மிடம் காகிதம் இருக்கிறது என்பதே அவருக்கு முதலில் தோன்றியது.

கழற்றி இறக்கிய பலகையைப் போய்ப் பார்த்தார். உள்ளே புகும் மழைநீர் வடிவதற்காகத் தகரப் பெட்டியின் கீழ்ப்பக்கத்தில் பலகைக்காக அவர் வரைந்த படத்தில் குறித்திருந்த எட்டு ஓட்டைகளும், தொங்கிய நிலையில் மேல்பக்கமாக இருந்திருக்கின்றன. நீர் வடியவில்லை, இறங்கியிருக்கிறது. பலகையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். வேறு எந்தப் பலகையானாலும் தெருவில் போகிற யாராவது அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். இது மூன்று மாதம் தலைகீழாகத் தொங்கியும் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் படத்தில் அம்பும், 'மேல்' என்ற குறிப்பும் தெளிவாக இருந்தன. ஆகவே குற்றம் மாட்டியவருடையது. மாட்டியவர் பலாய், வளாகத்தின் மின்வேலைகளை ஆண்டுக் குத்தகையில் செய்பவர். குற்றம் நிலைத்தால் அந்தக் குத்தகை போய்விடும்.

ஞாயிறு காலை செந்தில்நாதன் கோப்புக்குப் பொருளடக்கம் எழுதினார். சின்னம் கேட்ட அறிவிப்பு தொடங்கி நாற்பத்து மூன்று தாள்கள். பலகை தொடர்பான தம் நாட்குறிப்புப் பக்கங்களின் நகல்களும் அதில் அடக்கம். இருபத்தேழாம் தாளில் பேனா நின்றது. பலகை ஏறிய நாளின் குறிப்பு, அவர் கையெழுத்திலேயே: "பிற்பகல் 3.40. எந்தப் பக்கம் மேல் என்று பலாய் கேட்டார். எப்படி மாட்டினாலும் ஒன்றுதான் என்றேன்."

அவருக்கு நினைவு வந்தது. ஏணிமேல் நின்று கேட்டவரிடம், கீழே நின்றிருந்த நான்கைந்து பேருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார். படம் பலாயிடம் தரப்பட்டிருக்கவில்லை.

பூர்ணிமா தாளைப் படித்தாள்.

"ஏங்க, இந்த ஒண்ணை எடுத்து வெச்சிட்டுப் போங்க."

"இருபத்தாறுக்கு அப்புறம் இருபத்தெட்டு எப்படி வரும்?"

"நம்பரை மாத்துங்க. அந்த மெமோவுக்காக முப்பது வருஷமா என் அலமாரியில பாதியக் கோப்பாலயே ரொப்பினீங்க. ஜெயிக்கற நேரத்துல நீங்களே போய்க் கழுத்தை நீட்டுவீங்களா?"

அவர் இருபத்தேழாம் தாளை உருவினார். நாற்பத்திரண்டு தாள்களுக்குப் புதிய பொருளடக்கம் எழுதினார். எடுத்த தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் இருபது பேர் இருந்தார்கள். பேரைத் தலைகீழாக வைத்தது போதாதென்று கட்டடத்தையும் கவிழ்க்கப் பார்த்தீர்களே என்று ரஞ்சன் பாபு தொடங்கினார், சிலர் சிரித்தார்கள். செந்தில்நாதன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, படத்தை மேசைமேல் விரித்து, அம்பைக் காட்டினார். பிறகு ஓட்டைகளின் புகைப்படம். பத்து நிமிடத்தில் அறையின் தொனி மாறிவிட்டது. ரஞ்சன் பாபு கண்ணாடியைக் கழற்றி, சங்கம் அவசரப்பட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டார். சின்னம் இருக்கும். அமைப்பாளரிடம் வருத்தம் தெரிவிக்கப்படும். பலாயின் குத்தகை இன்றோடு ரத்து.

கதவருகே நின்றிருந்த பலாய் அப்போதுதான் வாய் திறந்தார்.

"அண்ணா, நான் கேட்டேனே. எப்படி வெச்சாலும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

ரஞ்சன் பாபு அவர் பக்கம் திரும்பினார். "கையில காகிதம் ஏதாவது இருக்கா?"

இல்லை என்று பலாய் தலையசைத்தார். ரஞ்சன் பாபு நிகழ்ச்சிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதக் குனிந்தார்.

"இருக்கு," என்றார் செந்தில்நாதன்.

தாளைப் பையிலிருந்து எடுத்து, மடிப்புகளை மேசைமேல் தேய்த்து நிமிர்த்தி, நேரம் உட்பட முழுவதையும் வங்காளத்தில் பெயர்த்துப் படித்தார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. படித்து முடித்ததும், பொருளடக்கத்தில் இந்தத் தாள் விடுபட்டிருக்கிறது என்றும், விட்டது தாம்தான் என்றும் சொன்னார். அறையில் யாருக்கும் என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பலாயின் குத்தகை தொடர்ந்தது. வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் கைவிடப்பட்டது. பலகையின் ஓரத்துப் பெயரை நீக்க வேண்டும் என்று ஒருவர் முன்மொழிய, மறுப்பின்றி நிறைவேறியது. சின்னம் மட்டும், பழகிவிட்டதால், இருக்கட்டும் என்றார்கள்.

நிகழ்ச்சிக் குறிப்பில் கையெழுத்திடும் முன் செந்தில்நாதன் அதை இரண்டு முறை படித்தார். படம் சரியாக இருந்தது என்பது ஐந்தாம் பத்தியில் இருந்தது. அமைப்பாளர் வாயால் சொன்ன தவறான பதிலே விபத்துக்குக் காரணம் என்பது ஏழாம் பத்தியில். இரண்டும் ஒரே பத்தியில், அடுத்தடுத்த வாக்கியங்களாக இருக்க வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றார் ரஞ்சன் பாபு. ஒன்றை விட்டு மற்றொன்றை யாரும் நகலெடுக்க முடியாதபடிக்கு என்றார். ரஞ்சன் பாபு இரு பத்திகளையும் அடித்து, ஒன்றாகச் சேர்த்து எழுதினார். அதன் கீழே செந்தில்நாதன், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.