தெம்பு வந்த வழி

திருமங்கலத்தில் ஒரு தள்ளுவண்டியில் 'தெம்பு தரும் கம்பங்கூழ்' என்று எழுதியிருந்தது. அந்தப் புளித்த வாசனை, கப்பலூரில் இப்போது கம்பெனிச் சுவர் நிற்கும் பருத்திக்காட்டுக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே கூலிக்குக் களையெடுத்த அம்மாவுக்கும் மற்ற பெண்களுக்கும், கை பட்டுவிடாமல் உயரத்திலிருந்து பனையோலைப் பட்டையில் கூழ் ஊற்றுவார்கள். குடித்து முடிக்கும் முன்பே, "தெம்பு வந்துருச்சுல்ல, எந்திரிங்க" என்று காட்டுக்காரர் தினமும் விரட்டுவார். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. தெம்பு தெலுங்கிலிருந்து வந்த சொல் என்கிறார்கள் படித்தவர்கள். காட்டுக்காரரோ அது தன் வீட்டுக் கூழ்ப்பானையிலிருந்து வருவதாகவே நினைத்திருந்தார். ஒருநாள் அம்மா மிச்சக் கூழை அவர் காலடியில் கவிழ்த்தாள்.

"கூழு மட்டுந்தான்யா ஒங்களுது. தெம்பு நாங்க கொண்டாந்தது."