சூடேறும் வரை

சைபுதீன் ரேடியோவைப் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். திருப்புளியைத் தொடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்திருப்பார். மலாயாவின் பகா ஊரில் அவர் ரிப்பேர் கடைக்குப் பெட்டியைத் தூக்கி வருகிறவர்களுக்கு இது பிடிப்பதே இல்லை. "என்னா பாய், தூங்கறீங்களா?" என்றால், "குளுந்து கெடக்கறப்ப எல்லாமே நல்ல புள்ளதான் லா. சூடேறட்டும், கொணம் தெரியும்" என்பார்.

"எத்தனாவது பாட்டுல கெட்டுச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. மூன்றாவது பாட்டில் கரகரப்பு, ஐந்தாவதில் இரைச்சல் என்று பெட்டியின் முதுகில் சாக்பீஸால் எழுதிக்கொள்வார். கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு அவரிடம் முகம் கொடுத்துப் பேச முடியாது. வயிற்றுப்புண்காரர் வேறு.

இப்பேர்ப்பட்ட மனிதரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஒரு பிற்பகல் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைத்தெருவே கதவிடுக்கில் நின்று பார்த்தது.

ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்து முந்தின நாளே ஸ்டேஷனில் அடைபட்டிருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பொதுவான ரேடியோ அவர் பொறுப்பு. முள்வேலியோரம் காவல் நின்றவன் காதில் அதிலிருந்து சீனப் பேச்சு விழுந்திருக்கிறது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு வேண்டிய ஒலிபரப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அவசரகாலச் சட்டத்தில் வழக்கும் கிடையாது, வக்கீலும் கிடையாது. ஒரு கையெழுத்து விழுந்தால் ஆளைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடலாம். "தமிழ்லதான்யா வச்சேன், தானா மாறிப்போச்சு" என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் வீரமுத்து. தானாக மாறுமா என்று காட்டத்தான் சைபுதீனுக்கு அழைப்பு.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் தடுப்புக் காகிதம் போய்ச் சேர வேண்டும். அரை மணி கொடுத்தார். மேசைமேல் இருந்த லயத்துப் பெட்டியைத் தமிழில் வைத்துவிட்டு, தான் எதையும் திருப்பவில்லை என்பது தெரியட்டும் என்று சைபுதீன் இரண்டடி தள்ளி நின்றார். மின்விசிறி சுழன்றது. நான்கு பாட்டு ஓடிற்று. சனியன், ஒரு பிசிறாவது தட்ட வேண்டுமே. கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. பெட்டி மாறாமலே போனால் வீரமுத்துவுக்குத் துணையாகத் தானும் உள்ளே போக வேண்டியதுதான் என்று தோன்றியது அவருக்கு.

வீரமுத்துவின் மனைவி ராக்கம்மா வாசலில் நின்றிருந்தாள். அவளிடம் திரும்பினார்.

"லயத்துல இத எப்படிம்மா வச்சிருப்பீங்க?"

"சாமி மாதிரி பாய். வெல்வெட்டுல நான்தான் ஒற தச்சேன். மூஞ்சி மட்டும் தெரியும். தூசு படக் கூடாதுன்னு அதுக்கு மேல கம்பளி. பாடறப்பக்கூட எடுக்கமாட்டாரு."

"அட பாவிகளா. எங்க அது?"

பெட்டியோடு கொண்டுவந்து மூலையில் எறிந்திருந்தார்கள். "செபென்தார் லா, துவான்" என்று மலாயில் அந்தத் துரையிடம் கெஞ்சி இன்னும் கொஞ்ச நேரம் வாங்கினார். விசிறியை நிறுத்தச் சொன்னார். உறையை மாட்டினார், கம்பளியைப் போர்த்தினார். யாரும் குமிழைத் திருகிவிடாதபடி இன்ஸ்பெக்டரே அதை விரலால் பிடித்துக்கொண்டார்.

அறை புழுங்கியது. ஆறாவது பாட்டின் நடுவில் குரல் லேசாகக் கம்மியது. ஒரு சீழ்க்கை எழுந்தது, பாட்டு அதில் கரைந்து போயிற்று, பிறகு ஒரு சீனப் பெண் நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். அலைவரிசை காட்டும் முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இன்ஸ்பெக்டர் தன் விரலையே பார்த்தார்.

"உள்ள ஒரு சாமான் சூட்டுல எளகிப்போச்சு, துவான். ஆள் மேல குத்தமில்ல" என்றார் சைபுதீன்.

ஆறுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் காகிதத்தைக் கிழித்தார்கள். வீரமுத்துவை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சீனக்காரி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"மண்டோரே, பெட்டிய நிறுத்துங்க. கெளம்பலாம்" என்றார் சைபுதீன்.

வீரமுத்து ஓரடி முன்னால் வந்தார். கை குமிழ் வரைக்கும் நீண்டது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார்.