மனைவி உடன் வசிக்கிறாரா?

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். வருமான வரிப் படிவம் வரும் காலத்தில் பஜார் கடைக்காரர்கள் சிலர் அதை நிரப்பித் தரச் சொல்லி என் குவாட்டர்ஸுக்கு வருவார்கள். துணிக்கடை முதலாளி ஒருவர் வருஷா வருஷம் ஒன்றையே சொல்வார்.

"போன வருஷ நகலப் பாத்து அப்படியே எழுதிருங்களேன், கிளாக்கரய்யா."

"எல்லாரும் பண்ற தப்பு அதுதாங்க. வீட்டுல ஆள் கூடியிருக்கும், கொறஞ்சிருக்கும். ஒவ்வொரு கேள்வியையும் புதுசாப் படிச்சுத்தான் எழுதணும்."

அவர்கள் படிவத்தில் கல்யாணமாகிப் போன மகளின் பெயர் இன்னும் இருக்கிறதா, கையெழுத்து விட்டுப்போயிற்றா என்று இரண்டு தடவை பார்த்த பிறகே உறையை ஒட்டுவேன்.

அந்த வருஷம் என் மனைவி திருச்சியில் இருந்தாள். எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான். அப்பாவுக்கு முடியவில்லையென்று பார்க்கப் போனவளுக்குத் திரும்பி வர விசா கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் வருகிறேன் என்று போனவள். பதினாலு மாதம் ஆகிவிட்டது. அவளுடைய கம்பளிச் சட்டையை மழை விட்ட நாளிலெல்லாம் வெயிலில் போட்டு எடுத்து வைப்பேன்.

என் படிவத்தில், மனைவி உடன் வசிக்கிறாரா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினேன். அவளுக்குப் பணம் அனுப்பிய ரசீதுகளையும் கூடவே வைத்து அனுப்பினேன். கண்டி வருமான வரிக் கந்தோரிலிருந்து நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

அங்கிருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர்.

"மனிசி உங்களோட இருக்கிறா எண்டு எழுதியிருக்கிறியள். திருச்சிக்குக் காசு அனுப்பின ரசீதும் இருக்கு. எது சரி?"

"ரசீதுதாங்க சரி."

"அப்ப ஏன் இப்பிடி எழுதினீங்கள்?"

"'இல்லை'ன்னு எழுதக் கை வரலைங்க."

அவர் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அவவை நீங்கள்தானே செலவுக்குக் குடுத்துப் பாக்கிறியள். உள்ளதை எழுதியிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. வெட்டிப்போட்டுப் பக்கத்தில கையெழுத்து வையுங்கோ," என்று தன் பேனாவை நீட்டினார்.

வெட்டினேன். 'இல்லை' என்று எழுதினேன். அவளை ரயிலேற்றிவிட்டபோதுகூட அழாதவன், கந்தோர் வெளி வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அவள் விசாவுக்கு இரண்டு மனுப் போட்டோம். இரண்டும் திரும்பி வந்தன. கடைசியில் நானே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு, தலைமன்னாரில் கப்பலேறினேன்.

திருச்சி ஸ்டேஷனில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. அந்த வெயிலிலும், தோட்டத்தில் கேட்டுப் பழகின வழக்கத்தில், "குளிருதா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "அங்க இப்ப நல்ல பனியா இருக்கும்ல?" என்றாள்.