எதிர்ப்பக்கத்துக் கை

என் வீட்டுக்காரரின் அக்காதான் என்னைப் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். நங்கையாள் என்போம். கம்பெனிக்காரர்கள் எங்கள் குண்டடம் வரைக்கும் பஸ் அனுப்பி ஆள் ஏற்றிக்கொண்டிருந்த காலம், இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வேலம்பாளையத்தில் அவள் ஓவர்லாக் டெய்லர்; துணி ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டே தைக்கிற மெஷின் அது. நான் அவளுக்குக் கைமடி. மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் தைத்துத் தள்ளும் பீஸை வாங்கி, நூலைக் கத்தரித்து, மடித்து வைக்க வேண்டும். டெய்லர் எழுந்தால் மெஷின் நின்றுவிடும். கைமடி எழுந்தால் இன்னொருத்தி வந்து உட்காருவாள். அதனாலேயே டெய்லராகிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

எங்கள் தொழிலில் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தர மாட்டார்கள். டெய்லர் சாப்பிடப் போகிற நேரத்தில் வேஸ்ட் துணியை ஓட்டிப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். நங்கையாளும் அப்படிப் பழகினவள்தான். ஆனால் இந்த மகராசி சோற்றுப் போசியைத் தூக்குவதற்கு முன்னால் மெஷினிலிருந்த நூலையெல்லாம் உருவிப் போட்டுவிட்டுத்தான் எழுவாள். ஓவர்லாக்கில் நூல் கோப்பது லேசுப்பட்ட காரியமில்லை. "உட்டா நூலு சிக்கிக்குது கண்ணு" என்பாள், கொஞ்சமும் கூசாமல்.

சரி, என் கண்ணையுமா உருவிக்கொண்டு போவாள்? பார்த்தேன். திரும்பி வந்து அவள் நூல் கோப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் அரிசி களையும்போதுகூட விரல் நூல் போகிற வழியிலேயே போகும்.

ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போன தெற்கத்தி டெய்லர்கள் திரும்பி வரவில்லை. சரக்கு கப்பலேற வேண்டும். "ஓவர்லாக் ஆராச்சும் ஓட்டுவீங்களா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். நான் எழுந்தேன். நங்கையாள் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள். காலி மெஷினில் உட்கார்ந்து, அதுவரை தொட்டே பார்க்காத கொக்கிகளில் நூலைக் கோத்து முடித்தேன். "அட, பரவால்லீங்களே!" என்றார் அவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பீஸை வைத்து மிதித்தேன். ஐயோ! துணியின் ஓரம் வலப்பக்கம் வர வேண்டும். கத்தி அங்கேதான் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து பார்த்த எனக்கு ஓரம் எப்போதும் இடப்பக்கம். கை அப்படியே வைத்துவிட்டது. டி-ஷர்ட்டின் நடுவயிற்றைக் கத்தி அறுத்துக்கொண்டு போனது. பயத்தில் காலை எடுப்பதற்குப் பதில் இன்னும் அழுத்தினேன்.

"எந்திரிங்க. தெரியாத வேலைக்கு எதுக்குங்க வர்றீங்க? போய் மடிங்க, போங்க" என்றார் சூப்பர்வைசர்.

எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் 'ங்க' போட்டுத்தான். ஹாலே சிரித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நேரே நங்கையாளிடம் போனேன். "ஏனுங் நங்கையா, நான் எதுருக்க இருந்து பாத்துப் பழகறது உங்களுக்குத் தெரியுமில்லீங்க? கை மாறிப் போயிருமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"நீ டெய்லராயிட்டீன்னா எனக்கு உன்னாட்டம் கைமடிக்கு ஆருடி வருவா?"

பாவி, நான் உன் தம்பி பெண்டாட்டிதானே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஒரு பீஸை முடித்து எதிர்ப்பக்கம் தள்ளினாள். என் கை தானாகப் போய் அதை வாங்கிக்கொண்டது.