மாரியிடமிருந்து பந்தை எடுப்பது எப்படி?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் ஒரு பந்தின் பின்னால் ஓடினேன். பந்துக்கு அது தெரியாது.

குற்றம் என் வாயுடையது. அதற்கு முந்தின வாரம் கடலைமிட்டாய்க் கடை சுப்பையாவின் டி.வி.யில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கோலுக்கு நாலடி தூரத்தில் நின்ற ஒருவர் பந்தை வெளியே அடித்தார். ‘இதை நான் கண்ணை மூடிக்கிட்டே அடிச்சிருப்பேன்’ என்றேன். ஐம்பத்திரண்டு வயது, ஒரு தொப்பை, இரண்டு முழங்கால் வலி – இத்தனையையும் வைத்துக்கொண்டு சொன்னேன்.

சுப்பையா மிட்டாயை எடைபோட்டபடியே திரும்பினார்.

“அப்படியா? நம்ம மாரி கோயில் கொடைக்கு ஊருக்கு வந்திருக்கான். அவன்கிட்டேருந்து ஒரே ஒரு தடவை பந்தைத் தட்டிவிட்டுருங்க, பாப்போம். முடியலைன்னா இனிமே எங்கடையில மேட்ச் ஓடும்போது வாயைத் தொறக்கக் கூடாது. சம்மதமா?”

மாரி எப்போதும்வென்றான் கிராமத்துக்காரன். (ஊர்ப் பெயரைக் கேட்டதுமே நான் சுதாரித்திருக்க வேண்டும்.) சம்பளம் வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடுகிறவன். அதுவும் டி.வி.யில் வருகிற கிளப் இல்லை. வடக்கே எங்கோ, மூன்றாவது டிவிஷனோ நான்காவது டிவிஷனோ. அங்கேயும் பாதி நாள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறானாம்.

உட்காருகிறவன்தானே... அதில் எனக்கும் அனுபவம் உண்டே! சம்மதித்துவிட்டேன்.

ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில், பிடிவாதமாகக் கால்பந்து ஆடும் பதினாறு பேர் நாங்கள். கேப்டன், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி. அவர் ஒரு யோசனை சொன்னார். எங்கள் மைதானம் கரிசல் மண். வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சனிக்கிழமைதோறும் செம்மண் கொட்டி வெடிப்புகளை அடைத்துவிட்டுத்தான் மறுநாள் ஆடுவோம்.

“இந்த வாரம் மண்ணு போட வேண்டாம்வே. அவன் புல்லுல வெளையாடிப் பழகுன பய. வெடிப்புல பந்து மாட்டும்லா... அப்பம் நீரு பந்து மேல பாய்ஞ்சிரும்!”

என்ன மூளை!

ஞாயிறு காலை மாரி எதிர் அணியில் இறங்கினான். பந்து அவனிடம் வந்தது. பாய்ந்தேன். பந்து தரைக்கே வரவில்லை. பாதத்திலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து நெஞ்சுக்கு, திரும்பவும் பாதத்துக்கு. பந்து தரையில் இருந்தால்தானே வெடிப்புக்கு வேலை? இரண்டாம் தடவை பாய்ந்தேன். அவன் அங்கே இல்லை. மூன்றாம் தடவை நான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் திட்டத்தில் ஒருவர் வசமாகச் சிக்கினார். கேப்டன். அடைக்க வேண்டாம் என்று சொன்ன வெடிப்பிலேயே கணுக்கால் வரை இறங்கிவிட்டது கால். கைத்தாங்கலாகத் தூக்கி ஓரத்தில் உட்காரவைத்தோம்.

“என்னைப் பாக்காதேயும்வே! அவனை விடாதேயும்!” என்று அங்கிருந்தே கத்தினார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. எங்கள் கால்களைப் பார்க்கிறான் – யார், எப்போது, எந்தப் பக்கம் வரப்போகிறோம் என்று. சைக்கிள் ஓட்டும்போது நாம் பெடலையா பார்க்கிறோம்? அவர்கள் நம்மைவிடக் கொஞ்சம் வேகம், கொஞ்சம் பலம். மற்றபடி ஒரே ஆட்டம்தான் என்று சோபாவில் சாய்ந்தபடி நினைக்கிறோம். இல்லை. இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

கோட்டுக்கு வெளியே நின்ற சுப்பையா, என்னைப் பார்த்து வாயின்மேல் விரலை வைத்துக் காட்டினார். இன்னும் ஐந்தே நிமிடம். விடுவேனா? மூச்சு இரைத்தது. இடது முழங்கால் தனிக்கட்சி தொடங்கியிருந்தது. மாரி என்னை நோக்கியே வந்தான். நானும் ஓடினேன் – ஓடினேன் என்பது என் தரப்பு வாக்குமூலம். அவன் ஒரு பக்கம் சாய்ந்தான். மறுபக்கம் பந்தைத் தள்ளினான்...

என் பூட்ஸ் நுனியில் பட்டுக் கோட்டுக்கு வெளியே உருண்டது பந்து!

கேப்டன் சுளுக்கிய காலோடு எழுந்து குதித்தார். உடனே மறுபடி உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிந்ததும் மாரியைத் தனியாக ஓரங்கட்டினேன்.

“உண்மையைச் சொல்லுப்பா. விட்டுக்கொடுத்தியா?”

“சேச்சே, இல்ல அண்ணாச்சி. நான் ஒரு பக்கம் சாஞ்சா, எதிர்ல வாரவன் அந்தப் பக்கம் பாய்ஞ்சிருவான். அவன் போயிருப்பான்னு நெனைச்சுத்தான் இந்தப் பக்கம் பந்தைத் தள்ளுதது. நீங்க...” தயங்கினான். “நீங்க இன்னும் கெளம்பவே இல்ல. இவ்வளவு மெதுவா ஒரு ஆளு வருவார்னு எங்க கோச்சு சொல்லித்தரல, அண்ணாச்சி.”

சுப்பையா நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்கிற தைரியத்தில் இதை உங்களிடம் சொல்கிறேன். தட்டினேனா? தட்டினேன். என் வாய் என்னிடமே இருக்கிறது. ஆனால், ஒரு தடவை தட்டினால் அதிர்ஷ்டம் என்பார்கள். மாரி வரும் ஞாயிறும் ஊரில்தான் இருக்கிறானாம். இன்னொரு தடவை தட்டாமல் விடுவதில்லை.

தினமும் காலை ஐந்தரைக்கே மைதானத்துக்குப் போய், இன்னும் மெதுவாக ஓடப் பயிற்சி எடுத்துவருகிறேன்.