அலமாரிக்குள் வெடித்த சர்பத்

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான மாமா, குவைத்தின் அப்பாசியா பகுதியிலிருந்த வீட்டில் எங்களோடு தங்கியிருந்தார். ஒரு கோடை விடுமுறையில் மூடிபோட்ட டிரம் ஒன்றை என் அறையில் கொண்டுவந்து வைத்து, "சர்பத்" என்றார். மால்ட் பானத்தில் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு அவரே காய்ச்சிய பீர் அது. மதுவுக்குத் தடையுள்ள நாடு; பிடிபட்டால் அப்பாவின் வேலை போய், குடும்பத்தையே விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா ஒன்றும் அறியாதவர்போல் பேப்பர் படித்தார். அம்மா டிரம்மைக் கடக்கும்போதெல்லாம் முருகனைக் கூப்பிட்டாள்.

தினமும் சாயங்காலம் மாமா டிரம்மிலிருந்து ஒரு நீள டம்ளரில் கொஞ்சம் பிடித்து, அதில் ஒரு கண்ணாடி மிதவையைப் போடுவார். அதிலிருந்த பொடிக்கோடுகள் அவர் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளவோ கௌரவம் விடாது.

"எவ்வளவு காட்டுது, மருமவளே?"

நான் படித்துச் சொல்வேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். இறங்காமல் மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம், அவசரப்பட்டால் வெடித்துவிடும் என்பார். ஏ.சி.யை இருபத்தைந்துக்குக் கீழே இறக்காதே என்றும் சொல்லியிருந்தார்.

எனக்கோ இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கப் பிடிக்கும். மாமா ராத்திரி டூட்டிக்குக் கிளம்பியதும் பதினாறில் வைத்துவிட்டு, அவர் வருவதற்குள் ஏற்றிவிடுவேன். எண்ணும் சமர்த்தாக மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றது. மாமா என் தலையைத் தடவி, இருபது பாட்டிலில் அடைத்து, பால்கனி அலமாரியில் பூட்டிவைத்தார். ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை, குளிரில் தூங்கிவிட்டது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. பால்கனி வெயிலில் அது சுகமாக விழித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதல் பாட்டில் வெடித்தது. அப்புறம் மற்றவையும் வரிசையாக வெடிக்கத் தொடங்கின. அலமாரிக் கதவிடுக்கில் நுரை வழிந்தது. மாமா மேஜைக்கடியில் போய்விட்டார். அப்பாவின் கையிலிருந்த தோசை அப்படியே நின்றது.

கதவு தட்டப்பட்டது. நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் கீழ்வீட்டு அக்கா நின்றார். காயல்பட்டினத்துக்காரர், ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர், நான் சின்னப் பொய் சொன்னாலும் காதைத் திருகுபவர். ஒருமுறை மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். அதற்குள் கட்டடக் காவல்காரர் படியேறி வரும் சத்தம் கேட்டது. லாத்தா வாசலை அடைத்துக்கொண்டு திரும்பினார்.

"குக்கர் பாய், குக்கர்! மாஃபி முஷ்கில். கலாஸ், நீங்க போங்க!"

பிரச்சினை ஒன்றுமில்லை, முடிந்தது என்று அரபியில் கேட்ட காவல்காரர் இறங்கிப் போனார். லாத்தா அம்மாவிடம், "சன்னலைத் தொற பிள்ளே, நாலு பக்கெட்டு தண்ணி ஊத்து," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஓவென்று அழுதாள்.

எனக்கு லாத்தாவை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் சமைத்தும், குக்கர் வெடிப்பதற்கும் பாட்டில் வெடிப்பதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லையே என்று.